ஒரே கம்பெனிக்கு வாக்கப்பட்ட பெட்டி

அந்த வெள்ளைப் பெட்டி இப்போது துணி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. போன மாதம் என் நாத்தனார் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, சும்மாதானே கிடக்கு, நான் எடுத்துட்டுப் போகவா? எங்க வீட்ல நெட் நொண்டுது" என்று கேட்டாள். எடுத்துப் போகச் சொன்னேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் இருப்பது வேறு கம்பெனியின் சிம். அதைப் போட்டதும் பெட்டி சிவப்பு விளக்கை எரியவிட்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாம்.

"இன்னும் பிடிவாதம் போகல உங்க வீட்டுப் பதிவிரதைக்கு" என்றாள். அந்த ரௌட்டருக்கு அப்படிப் பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். என் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த உயரமான கட்டடத்தைக் கடந்தாலும் அதன் லிஃப்ட்டின் குணத்தைச் சொல்வார். இது சோம்பேறி, இது முன்கோபி, இது ஆளைப் பார்த்து நிற்கும் என்று. நடு வயதில் தோளில் தொடங்கிய தசைநோய் மெல்ல நெஞ்சுக்கு இறங்கியது. முதலில் ஸ்பேனரைப் பிடிக்க முடியாமல் போனது. பிறகு மூச்சை முழுதாக இழுக்க முடியாமல் போனது. மூக்கையும் வாயையும் மூடும் ஒரு முகமூடி, அதிலிருந்து நீளும் குழாய், குழாயின் மறுமுனையில் மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் இயந்திரம் என்று ஆனது வாழ்க்கை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் முகமூடி இல்லாமல் கொஞ்சம் சமாளிப்பார். படுத்தால் முடியாது.

அவரை ஆஸ்பத்திரி வார்டில் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வயதான லாரி டிரைவர் ஒருவர். ஒருநாள் முற்பகலில் அவருடைய திரைக்குப் பின்னால் மணி அடிக்கத் தொடங்கியது. அந்த வார்டில் எப்போதும் ஏதாவது ஒரு மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினால்கூட அடிக்கும். அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் தன் வரிசையில் ஒவ்வொரு கட்டிலாக முடித்துக்கொண்டு வந்து திரையை விலக்கியபோது டிரைவர் போய்விட்டிருந்தார்.

அன்று மாலை நான் போனபோது என் கணவர் முகமூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "லிஃப்ட்ல மணி அடிச்சா நான் சோத்துக் கையோட ஓடியிருக்கேன். இங்க மணி அடிச்சா ஒருத்தரும் அசைய மாட்டேங்கறாங்க. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

"சரியாகட்டும், போகலாம்."

"இது சரியாகற நோவா? யார்கிட்ட கதை விடற?"

அவருக்கு ஆஸ்பத்திரி பயம். எனக்கு வீடு பயம். வார்டில் ஏதாவது நடந்தால், தாமதமாகவாவது யாராவது வருவார்கள். வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் பக்கத்தின் மறுகோடியிலிருந்து கண்டுபிடிப்பேன். மூச்சில் ஒன்று விட்டுப்போனால் எனக்கு என்ன தெரியும்? இதை அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வார்டுப் பொறுப்பு நர்ஸ் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்தார். "அம்மா, அவரை அனுப்பலாம். ஆனா ஒரு கண்டிஷன். இந்த மெஷின்ல வைஃபை இருக்கு. உங்க வீட்ல நெட் இருந்தா அவரோட மூச்சு எங்க ரூம் ஸ்க்ரீன்ல தெரியும். லைன் கட்டானா உங்களுக்கு போன் பண்ணுவோம். நீங்க எடுக்கலன்னா ஆம்புலன்ஸ் கிளம்பிடும். நெட் இல்லாத வீட்டுக்கு டாக்டர் அனுப்ப மாட்டார்."

எங்கள் வீட்டில் நெட் இல்லை. பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீடு அது. கேபிள் இழுக்க வந்தவர்கள், முன்கட்டடத்தின் சுவரைத் துளைக்க அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அனுமதி வரவே இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி, சிம் போட்டு ஓடும் ரௌட்டர்.

எந்தக் கம்பெனி என்பதை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தீர்மானிக்கத் தொடங்கினார். "நாலு பேர்கிட்ட நாலு கம்பெனி போனை வாங்கு. கொண்டுபோய் என் தலையணை மேல வெச்சுப் பாரு. வாசல்ல நின்னு பாத்துட்டு வந்து நல்லா வருதுன்னு சொல்லாதே. காலி லிஃப்ட்டை ஓட்டிப் பாத்துட்டு சரியா இருக்குங்கறவன் மெக்கானிக்கே இல்ல."

நாத்தனாரும் நானும் கடன் வாங்கிய போன்களைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனோம். அடுத்தவர்களின் போன்கள் அவருடைய தலையணையில் வரிசையாகக் கிடந்தன. வாசல் கேட்டருகே கோடு கோடாகக் காட்டியவை எல்லாம் அங்கே வந்ததும் படுத்துவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும் எழுந்து நின்றது.

நாத்தனார் அப்போது சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அறையில் நான் மட்டும். அந்தப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எதுவும் வரல" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் வார்டிலேயே இருப்பார். நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கலாம். இந்த நினைப்போடு அந்தப் போனைக் கையில் எடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. அவருடைய தலையணையில் தலை இருந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணு வருது" என்றேன்.

அந்தக் கம்பெனியின் கடைக்கே போனோம். கவுண்டரில் இருந்த பெண் எதையும் மறைக்கவில்லை. "இது எங்க சிம் மட்டும்தான் எடுக்கும் மேடம், லாக் பண்ணது. வேற சிம் போட்டா வேலை செய்யாது. எல்லா சிம்மும் போடற ஓபன் மாடல் வெளிய கிடைக்கும். ஆனா எங்க டவரை இது பிடிக்கிற அளவுக்கு அது பிடிக்காது. உங்க வீட்ல சிக்னல் வீக்னு வேற சொல்றீங்க. நீங்களே யோசிச்சுக்கங்க."

அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன்.

"அப்புறமா கம்பெனியை மாத்த முடியாதா?"

"முடியாதாம். பூட்டியிருக்காம்."

"அப்போ ஒரே கம்பெனிக்கு வாக்கப்பட்டுட்டா. பதிவிரதைன்னு சொல்லு." சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கும்வரை காத்திருந்தேன். "வேற எவனும் நம்ம கட்டில் பக்கம் வரப்போறதில்ல. அப்புறம் பூட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வாங்கிடு."

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். எங்கள் இரண்டு போன்களையும் அதே கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் ஒரே பில்லில் முடியும். அதோடு, படுக்கையறையில் எங்கள் பழைய சிம்கள் ஒலித்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டால் கட்டிலருகில் மணி அடிக்க வேண்டாமா? அவருக்கும் சரியாகப் பட்டது, எனக்கும் பட்டது. மாற்றிக்கொண்டோம். ஒரு லிஃப்ட்டை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட மாட்டார்கள், ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும் என்று எனக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். வீட்டுக்கு வரும் அவசரத்தில் எல்லாக் கயிற்றையும் ஒரே கொக்கியில் மாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தார். பதிவிரதையை ஜன்னல் விளிம்பில் வைத்தோம். அவள் நெற்றியில் ஒரு விளக்கு. பச்சை என்றால் ஆஸ்பத்திரியில் அவருடைய மூச்சு தெரிகிறது. சிவப்பு என்றால் தெரியவில்லை.

அதன்பிறகு நான் அந்த விளக்கைப் பார்த்துத்தான் வாழ்ந்தேன். அச்சகத்தில் சொல்லி மெய்ப்புகளை வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டேன். கட்டிலருகே உட்கார்ந்து ஒரு வரி படிப்பேன், தலையைத் தூக்கி விளக்கைப் பார்ப்பேன், அடுத்த வரிக்குப் போவேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளித்தேன். இயந்திரம் "ஸ்ஸ்" என்று காற்றைத் தள்ளும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் என் மூச்சும் நின்று, அடுத்த "ஸ்ஸ்" வந்த பிறகுதான் மறுபடி ஓடும்.

"கட்டின புருஷனைப் பாக்கறதைவிட அவளைத்தான் அதிகமா பாக்கற" என்பார்.

"உங்களைப் பாத்தா ஒண்ணும் தெரியல. அவ முகத்துலதான் தெரியுது."

"அது சரி. நான் எப்பவுமே கல்லுளிமங்கன்."

அவர் தேறினார் என்று சொல்ல முடியாது. ஆனால் முகம் மாறியது. ஜன்னல் வழியாகத் தெரியும் முன்கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையைப் பார்த்துக்கொண்டு, அதன் சத்தத்தைக் கேட்டு, "பேரிங் போகப்போகுது, யாரும் கவனிக்கல" என்று திட்டிக்கொண்டு கிடப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. எனக்குத்தான் இல்லை.

அந்தப் பிற்பகலில் நான் ஒரு பூகோளப் பாடநூலின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாய்வாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஆற்றின் பெயரில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. திருத்திவிட்டுத் தலையைத் தூக்கினேன்.

சிவப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சிவப்புதான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் இருந்தது. லைன்தான் போயிருந்தது. போனை எடுத்தேன். மேலே ஒரு கோடும் இல்லை. அவருடைய போனை எடுத்தேன். அதிலும் இல்லை. அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. லைன் கட்டானால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்றார்கள். அது இந்தப் போன்களுக்குத்தானே வர வேண்டும்? எங்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு கம்பெனியின் ஒரு டவர். அது கண்ணை மூடிவிட்டது.

போன்களைச் சோதித்த நாளில் நாத்தனார் கழற்றி விட்டுப்போன வேறு கம்பெனி சிம் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை எடுத்துப் பெட்டியில் செருகினேன். விளக்கு அணைந்தது. கண் சிமிட்டியது. என் நெஞ்சு அதோடு சேர்ந்து சிமிட்டியது. மறுபடி சிவப்பு. மறுபடி எடுத்து, ஊதி, செருகினேன். சிவப்பு. பூட்டியது என்று அந்தப் பெண் சொன்னபோது அது வெறும் வார்த்தையாக இருந்தது. இப்போதுதான் கதவின் எந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்று தெரிந்தது.

போனில் போடலாம் என்று பிறகுதான் தோன்றியது. போட்டேன். அறைக்குள் அதற்கும் கோடு வரவில்லை. வாசல் கேட்டுக்குப் போனால் வரும். அவரைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். ஓடினேன். கேட்டை எட்டி, போனை உயர்த்தி, கோடு வருகிறதா என்று பார்க்கும்போது உள்ளே அலாரம் கேட்டது.

முகமூடி நழுவினால் இயந்திரம் எழுப்பும் ஓலம் அது. செருப்பு ஒரு பக்கம் பறக்க உள்ளே ஓடினேன். தூக்கத்தில் தலை சாய்ந்து முகமூடி கன்னத்துக்கு ஏறியிருந்தது. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. அதைச் சரியாக வைத்து அழுத்திப் பிடித்தேன். ஓலம் நின்றது. "ஸ்ஸ்" என்று காற்று போனது. அவர் கண்ணைத் திறந்தார்.

இனி என்னால் அந்த அறையைவிட்டு ஓர் அடி நகர முடியாது. நகராமல் யாரையும் கூப்பிடவும் முடியாது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் விளக்கைப் பார்த்தார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிமிர்த்தி உட்காரவைக்கும்படி சைகை செய்தார். வைத்தேன். முகமூடியை விரலால் சிறிது தூக்கினார்.

"ஹலோ, லிஃப்ட் சர்வீஸ். அம்மா, சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க?"

முகமூடியை மூடி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்கினார். "பயப்படாதீங்கம்மா. லிஃப்ட் விழாது. நின்னிருக்கு, அவ்ளோதான். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் இன்டர்காமில் அவர் பேசும் பேச்சு அது. போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போவார். கதவைத் திறப்பது அப்புறம், முதலில் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு குரல் கேட்க வேண்டும் என்பார்.

"ரெண்டு பேர்" என்றேன்.

மூச்சு. "குழந்தைங்க, வயசானவங்க யாராவது?"

"ஒரு கிழவர்."

"அவரைப் பாத்தா கிழவர் மாதிரி தெரியலன்னு கேள்விப்பட்டேன்." மூச்சு. "கதவை இழுக்காதீங்க. பட்டனைப் போட்டு அமுக்காதீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். சிம்மைக் கழற்றிக் கழற்றிப் போட்ட கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"ஆள் கிளம்பியாச்சும்மா. எங்களுக்கு மணி அடிச்சிருச்சு." மூச்சு. "மணி அடிச்சா வரணுங்கறதுதான் ரூல்."

"வரலன்னா?"

அவர் முகமூடியை மூடிக்கொண்டார். காற்று போய் வந்தது. அவர் விரல்கள் என் கையில் நடுங்குவதை அப்போதுதான் உணர்ந்தேன். இத்தனை நேரமும் என் நடுக்கம் என்று நினைத்திருந்தேன்.

"வரவரைக்கும் பேசிட்டிருப்போம்" என்றார்.

பேசினோம். பேரிங் போன லிஃப்ட்டைப் பற்றி, ஆற்றின் பெயரில் விட்டுப்போன காலைப் பற்றி. நான் உளறிக்கொண்டிருந்தேன், அவர் ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தையாகப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் சைரன் கேட்டபோது இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது வேறு எங்காவது போய்விடும் என்று பயமாக இருந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் பையோடு உள்ளே ஓடிவந்தார்கள். லைன் அறுந்து, இரண்டு போனும் கிடைக்காததால் நர்ஸ் அனுப்பியிருந்தார். என் கணவர் சொன்னது போலவே மணி அடித்திருந்தது. இந்த முறை ஆட்கள் வந்திருந்தார்கள்.

முன்பக்கத் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் டவருக்குப் போகும் கேபிளை வெட்டிவிட்டார்களாம். லைன் வரும்வரை ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. வெளிச்சம் மங்குவதற்குள் விளக்கு பச்சையானது. உடனே நர்ஸ் கூப்பிட்டார்.

"அம்மா, டாக்டர் சொல்லிட்டார். ஒரே லைனை நம்பி வீட்ல வெச்சிருக்கறது ரிஸ்க். ஆம்புலன்ஸ் அங்கதானே நிக்குது, அப்படியே ஏத்தி அனுப்பிடுங்க."

ஸ்பீக்கரில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். என் பதில் 'சரி'யாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், இத்தனை நாளும் நான் பயந்த பயம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"சிஸ்டர், நாளைக்குள்ள இன்னொரு லைன் போட்டுடறேன். வேற கம்பெனி. அவர் இங்கயே இருக்கட்டும்."

"உங்களால தனியா சமாளிக்க முடியுமா?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு சிஸ்டர். அங்க விட்டாலும் பயமாத்தான் இருக்கும்."

நர்ஸ் டாக்டரிடம் பேசிவிட்டு, ஒருநாள் பார்க்கலாம் என்றார். ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது. அன்று இரவு முழுக்க நாத்தனார் வந்து கூடவே இருந்தாள். தன் பழைய போனில் அந்த வேறு கம்பெனி சிம்மைப் போட்டு, துணிப்பையில் வைத்து, சிக்னல் வரும் வாசல் கிராதியில் கட்டித் தொங்கவிட்டாள். அதன் எண்ணை ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். மணியை முழுச் சத்தத்தில் வைத்தாள். அது அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"இதுக்கு என்ன பேருண்ணே?" என்று கேட்டாள்.

முகமூடிக்குள் அவர் கண் சுருங்கியது. "உள்ள பதிவிரதை இருக்கா. வாசல்ல இருக்கறவளுக்கு வேற என்ன பேரு, சின்ன வீடுதான்."

"அண்ணி, கேட்டுக்கங்க. இந்த நிலைமையிலயும் அண்ணன் புத்தி போகுது பாருங்க."

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. மரங்கள் ஒருமுறை இலையுதிர்த்துத் துளிர்க்கும்வரை அந்த அறையில் இருந்தார். நான் பயப்படுவதை நிறுத்தவில்லை. விளக்கைப் பார்ப்பதை மட்டும் மெல்லக் குறைத்துக்கொண்டேன். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு, நான் பயப்படும்போதெல்லாம், "ஹலோ, லிஃப்ட் சர்வீஸ்" என்பார். சில நாள் அவர் கண்ணில் பயத்தைப் பார்த்து நான் சொல்வேன்.

கடைசியில் அது ஒரு காலை நேரத்தில் வந்தது. நான் அவருடைய முகத்தை ஈரத்துணியால் துடைத்து முகமூடியை மாட்டியிருந்தேன். இயந்திரம் காற்றைத் தள்ளியது. நெஞ்சு அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். ஜன்னலில் விளக்கு பளிச்சென்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. லைனில் ஒரு குறையும் இல்லை.

போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் சின்ன வீடும் அலறத் தொடங்கியது. இரண்டு கம்பெனியும் சேர்ந்து கூப்பிட்டன. நான் கட்டிலருகில் இருந்ததை எடுத்தேன்.

"அம்மா, ஸ்க்ரீன்ல மூச்சு காட்டல" என்றார் நர்ஸ். "ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. நீங்க தனியாவா இருக்கீங்க? கூட யாராவது இருக்காங்களா?"

அவர் கை இன்னும் சூடாக இருந்தது.

"ரெண்டு பேர் இருக்கோம் சிஸ்டர்" என்றேன். "பேசிட்டே இருங்க."